கேட்கிறது, விளங்கவில்லை: வயதான காதுக்கு எதைத் தேர்வது?

மாலையில் கிணற்றடி மாமரத்தின் கீழ் இருந்து பேசினால் அம்மாவுக்கு எல்லாம் விளங்கும். குரலை உயர்த்தத் தேவையில்லை. எந்த வருடம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கடைசி வயல்வரை வரவில்லை, யாருடைய மகள் யாரைக் கட்டினாள் என்று அவர்தான் எனக்குத் திருத்தம் சொல்வார். வயது 74. அதே அம்மாவை மாதாந்தக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனால், அவருடைய இலக்கத்தை மூன்று தரம் கூப்பிட்டாலும் அசையாமல் இருப்பார். ஏன் எழும்பவில்லை என்று கேட்டால், "கேட்டது பிள்ளை, என்ன சொன்னார்கள் என்றுதான் விளங்கவில்லை" என்பார்.

சென்ற வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று சொந்தக்காரர் ஒருவர் சுகம் விசாரித்தார். அம்மா அவருக்கு நெல் விலையைச் சொன்னார். வீடு வந்து சேருமுன்பே ஒருவர் என் காதுக்குள், "அம்மாவுக்கு அறளை பெயரத் தொடங்கிவிட்டதுபோல" என்றார். முதுமை மறதியைக் குறிக்கும் அந்தச் சொல் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. கனடாவில் இருக்கும் தம்பி தொலைபேசியில் சுருக்கமாகக் கேட்டான்: "அக்கா, காது கேட்க நல்ல கருவி எது என்று சொல்லுங்கள், நான் வாங்கி அனுப்புகிறேன்."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் பிடித்தது. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புவரை அந்த வீதியோரம் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது என்பது தெரியும். ஆகவே நாங்கள் எதை எதோடு ஒப்பிட்டோம், ஏன் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்தோம் என்பதை எழுதுகிறேன்.

முதலில், மாமரத்தடியில் விளங்குவது கிளினிக்கில் ஏன் விளங்கவில்லை என்பது தெரியவேண்டும். அது தெரியாமல் எதை வாங்கினாலும் காசு வீண்.

உட்செவியில் நத்தை ஓடுபோலச் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. அவை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. வயது போகப்போக, கீச்சென்ற மேல் சுருதியைப் பிடிக்கும் கலங்களே முதலில் போகின்றன. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியும் பலமும் உள்ளவை. க, ச, ட, த, ப போன்ற வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பமோ பெரும்பாலும் மேல் சுருதியில், மெலிந்த ஒலியாக இருக்கிறது. கடை, சடை, தடை, படை என்ற நான்கு சொற்களையும் அம்மாவுக்குப் பின்னால் நின்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். நான்கும் அவருக்கு ஒன்றுதான். சொல்லின் உடல் வந்து சேர்கிறது, தலை வரவில்லை. அமைதியான இடத்தில் அந்தத் தலையை அவர் ஊகித்து ஒட்டிக்கொள்கிறார். இரைச்சலில் ஒட்டுவதற்கு வேண்டிய துண்டும் மூழ்கிவிடுகிறது.

நினைவு உள்ளே வருவது இந்த இடத்தில்தான். ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள, அதன் முன்பகுதியை மனத்தில் பிடித்துவைத்தபடி பின்பகுதியைக் கேட்கவேண்டும். அந்தச் சிறு பிடிக்கு உளவியலாளர் செயல் நினைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய கதைகளைக் காக்கும் நினைவு வேறு, இது வேறு. செயல் நினைவின் கொள்ளளவு யாருக்குமே சிறிது. வயதோடு அது இன்னும் சுருங்குகிறது, மூளையின் வேகமும் குறைகிறது. தெளிவில்லாத ஒலியைச் சொல்லாக்கவே அந்த இடம் செலவானால், சொன்ன விடயத்தை வைத்திருக்க இடம் ஏது? 1968இல் பற்றிக் ராபிட் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். இரைச்சலோடு இலக்கங்களைக் கேட்டவர்கள் ஒவ்வொன்றையும் சரியாக இனங்கண்டார்கள். ஆனாலும் பிறகு நினைவுகூர்ந்தபோது, அமைதியில் கேட்டவர்களைவிடக் குறைவாகவே சொன்னார்கள். 1995இல் கனடாவில் இளையோரையும் முதியோரையும் ஒப்பிட்ட ஆய்விலும் இரைச்சல் முதியோரின் நினைவைக் கூடுதலாகத் தின்றது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வாக்கியத்தின் சூழலை வைத்துச் சொல்லை ஊகிப்பதால் முதியோருக்குக் கிடைத்த பயன் இளையோருக்குக் கிடைத்ததைவிட அதிகம். அம்மாவின் 74 வருடச் சொல்வளம் அவருக்குக் கைத்தடி. சில நேரம் அந்தக் கைத்தடி பிழையான பாதையில் ஊன்றிவிடும். சுகம் விசாரித்தவருக்கு நெல் விலை சொன்னது அப்படித்தான்.

தமிழின் வாக்கிய அமைப்பும் இதில் ஒரு பாரத்தைச் சேர்க்கிறது என்று நான் நினைக்கிறேன். "நாளைக்குக் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வரத் தேவையில்லை." இதில் முடிவு சொல்வது கடைசிச் சொல். அதுவரைக்கும் எல்லாவற்றையும் சுமக்கவேண்டும். ஏழா எட்டா என்று அம்மா இன்னும் தடவிக்கொண்டிருக்கும்போதே, பேசுபவரின் குரல் தாழ்ந்து, முகம் கொப்பிக்குத் திரும்பி, "தேவையில்லை" காற்றோடு போய்விடுகிறது. மறுநாள் விடிய அவர் பட்டினியோடு பஸ் ஏறுவார்.

ஒரு வேறுபாட்டையும் கவனித்தேன். வாட்டர் பம்ப் ஓடும் தோட்டத்தில் அம்மா ஓரளவு சமாளிப்பார். கலியாண மண்டபத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பும் பக்கத்துக் கதிரைக் கதையும் சேர்ந்தால் முற்றாக விட்டுவிடுவார். இயந்திர இரைச்சல் ஒலியை மறைக்கிறது. விளங்கும் மொழியில் இன்னொரு பேச்சு ஓடினால், அது ஒலியை மறைப்பதோடு கவனத்தையும் பிடித்து இழுக்கிறது. ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் அது எவ்வளவு சத்தம் தருகிறது என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் மனத்திலிருந்து எவ்வளவு சுமையை இறக்குகிறது என்று கேட்டேன்.

எதையும் வாங்குமுன் வைத்தியரிடம் போகவேண்டும். இதில் தெரிவுக்கு இடமில்லை. காதுக்குடுமி, அதாவது காது அழுக்கு, அடைத்திருந்தாலே கேட்டல் மங்கும், எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு காது மட்டும் மந்தமாவது, சீழ், தலைச்சுற்று என்றால் காது மூக்கு தொண்டை வைத்தியர் பார்க்கவேண்டும். ஓரிரு நாளுக்குள் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடவேண்டும், அதற்கு மருந்து தொடங்கும் நாள் முக்கியம். பிறகு, கேட்டலை அளந்து கோடாக வரையும் ஓடியோகிராம் எடுக்கவேண்டும். எந்தச் சுருதியில் எவ்வளவு குறைவு என்ற அந்தக் கோடுதான் மற்ற எல்லாத் தீர்மானத்துக்கும் அடிப்படை. ஆனால் அது அமைதியான அறையில் சிறு ஒலிகளை வைத்து எடுக்கும் சோதனை. கோடு நன்றாக இருந்தும் இரைச்சலில் விளங்காதவர்கள் உண்டு.

வன்னியில் இதை அழுத்திச் சொல்லவேண்டிய காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் 50 வயதைத் தாண்டிய பெரும்பாலோரின் காதுகள், போர் முடிந்த 2009வரை எதையெல்லாம் கேட்டன என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வெடி அதிர்ச்சி செவிப்பறையைக் கிழிக்கும், மயிர்க்கலங்களை அழிக்கும். வெடிக்கு அருகில் இருந்த படையினரை ஆராய்ந்த வேறு நாட்டு ஆய்வுகளில், ஓடியோகிராம் சாதாரணமாக இருந்தவர்களிலும் சிலர் இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுக்கத் தடுமாறியது தெரிந்தது. வைத்தியரிடம் போகும்போது அந்தக் கதையையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நீரிழிவு உண்டா, முன்பு காசநோய்க்கு ஊசி போட்டீர்களா என்பதும் சேரட்டும். அந்த ஊசிகளில் சில காதைத் தாக்கும்.

அறளை என்ற பயத்துக்கும் இங்கேயே ஒரு பதில் இருக்கிறது. அமைதியில், முகம் பார்த்துப் பேசும்போது விளங்கி, இரைச்சலில் மட்டும் விளங்காவிட்டால் முதலில் சந்தேகிக்கவேண்டியது காதை. அமைதியில் தெளிவாகக் கேட்டதையே திரும்பத் திரும்ப மறப்பது, பழகிய ஒழுங்கையில் வழி தவறுவது என்றால் நினைவுப் பரிசோதனை வேண்டும். இரண்டும் ஒருவருக்கே வரலாம். ஆனால் கேள்வியே காதில் சரியாக விழாதவரிடம் நினைவுப் பரிசோதனை செய்தால், இல்லாத மறதியும் தாளில் பதிவாகிவிடும். காதைச் சரிப்படுத்தி, அல்லது குறைந்தது அவருக்குக் கேட்கும்படி பேசி, அதன் பிறகே நினைவை அளக்கவேண்டும். இதை நான் வற்புறுத்திக் கேட்டேன், நீங்களும் கேளுங்கள்.

இனி வாங்குவதைப் பற்றி.

கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் காதில் செருகும் மலிவான ஒலிபெருக்கும் குமிழைத்தான் நாங்கள் முதலில் வாங்கினோம். அது எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெருக்குகிறது. மின்விசிறி, சில்வர் தட்டு, நாயின் குரைப்பு எல்லாம் பேச்சோடு சேர்ந்து உயர்கின்றன. வயதான காதுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு: மெல்லிய ஒலி கேட்காது, கொஞ்சம் கூட்டினால் தாங்காது. கேட்பதற்கும் வலிப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒடுங்கிவிடுகிறது. அம்மா இரண்டு நாள் போட்டுவிட்டு, தலை இடிக்கிறது என்று கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். தனியே இருந்து தொலைக்காட்சி பார்க்க ஒருவேளை உதவலாம். இரைச்சலுக்கு அது தீர்வே இல்லை, சுமையைக் கூட்டுகிறது.

அடுத்தது வெளிநாட்டுக் கருவி. தம்பியின் மாமனார் காலமானபின் அவருடைய விலையுயர்ந்த கருவி சும்மா கிடந்தது. அனுப்பட்டுமா என்று கேட்டான். நல்ல மனத்தோடு கேட்ட கேள்வி. நானும் ஆசைப்பட்டேன். ஆனால் அந்தக் கருவி அவருடைய ஓடியோகிராமுக்கு அமைத்தது, காதுக்குள் போகும் அச்சு அவருடைய காதின் வடிவம். அம்மாவுக்கு மாற்ற, அந்த நிறுவனத்தின் மென்பொருளும் அதைக் கையாளத் தெரிந்தவரும் இங்கே வேண்டும். புதிதாக அங்கே வாங்கி அனுப்பினாலும் இதே சிக்கல்தான். கருவி என்பது ஒரு நாளில் முடியும் வாங்கல் அல்ல. போட்டுப் பார்த்து, குறை சொல்லி, திரும்பப் போய், இரண்டு மூன்று தரம் சரிப்படுத்தவேண்டும். கிளிநொச்சியில் இருந்து காலையில் பஸ்ஸோ ரயிலோ ஏறி, மாலைக்குள் திரும்பக்கூடிய தூரத்தில் பராமரிப்பு உள்ள கருவியே எங்களுக்குக் கருவி. ஆகவே பரிசாக வருவதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அனுப்புமுன் அந்த மாதிரியின் பெயரை இங்கே கருவி பொருத்துபவரிடம் காட்டி, "இதை எங்கள் அம்மாவுக்கு அமைத்துத் தருவீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

ஓடியோகிராமுக்கு ஏற்ப இங்கேயே அமைத்துத் தரும் கருவிதான் மூன்றாவது தெரிவு. இதிலும் உள்ளே பல தெரிவுகள் ஒளிந்திருக்கின்றன, விற்பவர் எல்லாவற்றையும் சொல்வதில்லை.

காதுக்குப் பின்னால் மாட்டும் வகையா, காதுக்குள் மறையும் சிறிய வகையா? நான் பின்னால் மாட்டுவதையே சொல்வேன். எங்கள் வெயிலும் வியர்வையும் தூசியும் சிறிய கருவியைச் சீக்கிரம் கெடுக்கும், காதுக்குடுமி அதன் வாயை அடைக்கும். விரல் மூட்டு இறுகிய ஒருவரால் மணி அளவுப் பற்றரியை மாற்றவும் முடியாது. இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதியோடு மூடிய டப்பாவில் வைத்தால் ஆயுள் கூடும். மின்னேற்றும் வகை வசதிதான். ஆனால் 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நான் மறக்கவில்லை. ஒருமுறைப் பற்றரி ஒன்றிரண்டு வாரம் ஓடும். ஒட்டியிருக்கும் தாளை உரித்தவுடன் வேலை தொடங்கிவிடும், திரும்ப ஒட்டி மிச்சம்பிடிக்க முடியாது. அது உங்கள் பட்டினத்துக் கடையில் தொடர்ந்து கிடைக்குமா என்று பார்த்தபின் முடிவெடுங்கள்.

ஒரு காதா, இரண்டு காதா? இரண்டு காதிலும் குறைவு இருந்தால் இரண்டுக்கும் போடுவதே பொதுவாக நல்லது. ஒலி எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதை, இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வேறுபாட்டையும் ஒலியின் பலத்தில் உள்ள வேறுபாட்டையும் வைத்துத்தான் மூளை கணிக்கிறது. இரைச்சல் இடப்பக்கம், பேச்சு முன்பக்கம் என்று பிரித்தால் சுமை குறைகிறது. முதியவர்களில் சிலருக்கு மட்டும் இரண்டும் சேர்ந்தால் குழப்பம் கூடுகிறது, ஒன்றைக் கழற்றினால் தெளிகிறது. ஆகவே இரண்டும் வாங்குமுன் இரண்டையும் போட்டு, ஒன்றை மட்டும் போட்டு, சத்தமுள்ள இடத்தில் பேசிப் பாருங்கள்.

விற்பவரிடம் கேட்கவேண்டிய இன்னொன்று: கருவி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வேகம். சத்தம் ஏறி இறங்க, கருவி தன் பெருக்கத்தைத் தானாக மாற்றிக்கொள்கிறது. சில கருவிகள் நொடிக்குள் பலமுறை மாற்றும், சில நிதானமாக மாற்றும். 2000களில் கிளாஸ்கோவிலும் டென்மார்க்கிலும் நடந்த ஆய்வுகள், நினைவுத்திறன் சோதனைகளில் குறைவாகச் செய்தவர்களுக்கு நிதானமாக மாறும் அமைப்பு கூடுதலாக ஒத்துப்போகிறது என்று காட்டின. வேகமாக மாறும் கருவி சொல்லின் வடிவத்தையே அசைக்கிறது, அதற்கு ஈடுகொடுக்க மனத்தில் இடம் வேண்டும். "அம்மாவுக்கு மெதுவாக மாறும் அமைப்பில் போட்டுத் தாருங்கள், பிறகு பார்ப்போம்" என்று நான் கேட்டேன். செய்து தந்தார்கள். இதற்கு மேலதிகக் காசு இல்லை.

மறதிநோயைத் தடுக்கும் என்று சொல்லிக் கருவி விற்பவர்களும் இருக்கிறார்கள். உண்மை அதைவிட நிதானமானது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்த பரிசோதனையின் முடிவு 2023இல் வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், கருவி பெற்றவர்களின் அறிவாற்றல் தேய்வில் வேறுபாடு தெரியவில்லை. இதயநோய்க் காரணிகள் போன்ற ஆபத்து கூடியிருந்த பிரிவினரில் மட்டும் தேய்வு 48 வீதம் மெதுவாக நடந்தது. இது எனக்கு நம்பிக்கை தருகிறது, உத்தரவாதம் தரவில்லை. அம்மா பேச்சில் கலந்துகொள்ளவேண்டும் என்பதற்காகக் கருவி வாங்கினேன். அந்தக் காரணமே எனக்குப் போதும்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்லவேண்டும். எவ்வளவு நல்ல கருவியும் கலியாண மண்டபத்தை மாமரத்தடி ஆக்காது. முன்னால் வரும் ஒலிக்கு முதன்மை கொடுக்கும் ஒலிவாங்கிகள் இருந்தாலும், நடைமுறையில் கிடைக்கும் பயன், ஒலியின் பலத்தை அளக்கும் அலகில் சொன்னால், சில டெசிபெல்தான். இதை மனத்தில் வைத்து அடுத்த கணக்கைப் பாருங்கள்.

திறந்த இடத்தில், பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள தூரம் பாதியானால் பேச்சின் பலம் 6 டெசிபெல் கூடும். இரண்டு மீற்றரில் நிற்பவர் ஒரு மீற்றருக்கு வந்தால் 6, அரை மீற்றருக்கு வந்தால் 12. சுற்றியுள்ள இரைச்சல் அப்படியே இருக்க, பேச்சு மட்டும் மேலே வருகிறது. சுவர் எதிரொலிக்கும் மண்டபத்தில் இந்தப் பயன் குறையும், ஆனாலும் திசை பார்க்கும் ஒலிவாங்கி தருவதைவிட இது பெரிது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை, கதிரையை இழுத்துப் போட்டால் போதும்.

நான்காவது தெரிவு இந்தக் கணக்கில் நிற்கிறது. தனியான ஒலிவாங்கி ஒன்றைப் பேசுபவரின் சட்டையில் குத்திவிட்டால், அது வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அந்தக் குரல் நேரே அம்மாவின் கருவிக்குள் போகும். இரண்டு மீற்றரை இருபது சென்ரிமீற்றர் ஆக்கினால் ஒலிவாங்கிக்குக் கிடைப்பது 20 டெசிபெல். இரைச்சலில் பேச்சை விளங்கவைக்க, நான் பார்த்த கருவிகளில் இதற்கு இணை எதுவும் இல்லை. குறையும் உண்டு. ஒருவர் பேச்சுத்தான் கேட்கும், ஒலிவாங்கி கைமாறவேண்டும், நாலு பேர் கூடிய கதையில் அது இடைஞ்சல். தாதியிடம் இதைச் சட்டையில் குத்துங்கள் என்று கேட்க முதலில் கூச்சமாகவும் இருந்தது. ஒருவரும் மறுக்கவில்லை.

பணம் இல்லாத வீட்டுக்கு இதன் ஏழைச் சகோதரன் இருக்கிறது: சட்டைப்பையில் வைக்கும் பழைய வகைக் கருவி, வயரோடு. பார்க்க அழகில்லை. ஆனால் திருகு பெரிது, பற்றரி சாதாரணமானது, பெட்டியையே கழற்றிப் பேசுபவர் பக்கம் நீட்டலாம். கிளினிக் மேசைக்கு இது அருமையான துணை. கைத்தொலைபேசியை ஒலிவாங்கியாக மேசையில் வைத்து, வயர் இல்லாத காதுப்பொறியில் கேட்கும் முறையையும் முயன்றோம். ஒலி கொஞ்சம் பிந்தி வருகிறது. உதடு அசைந்து முடிந்தபின் சொல் வந்தால், உதட்டைப் பார்த்து விளங்கும் பழக்கமே குழம்பிவிடுகிறது. வயர் உள்ள காதுப்பொறியில் அந்தப் பிந்தல் பெரிதாகத் தெரியவில்லை.

பேச்சை எழுத்தாக்கும் கைத்தொலைபேசி வசதி தமிழிலும் வேலை செய்கிறது. அமைதியில் நன்று. கூட்டத்தில் அதற்கும் அம்மாவுக்கும் ஒரே வருத்தம்தான். நினைவுப் பயிற்சி விளையாட்டுகளுக்கும் கேட்டல் பயிற்சிக்கும் காசு கட்டவேண்டாம் என்பது என் முடிவு. அமெரிக்காவில் முன்னாள் படையினர் 279 பேரை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், கருவியோடு அப்படியொரு கணினிப் பயிற்சியைச் சேர்த்ததால் மேலதிகப் பயன் எதுவும் தெரியவில்லை. விளையாட்டில் கெட்டித்தனம் கூடும், மண்டபத்தில் பேச்சு விளங்குவது வேறு.

கடைசியாகச் சொல்வதை நான் முதலில் செய்திருக்கவேண்டும்: வீட்டையும் எங்கள் வாயையும் மாற்றுவது.

எங்களுக்குக் கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டின் விறாந்தை சீமெந்துத் தரை, பூசிய சுவர், வெறுமை. ஒரு சொல் சொன்னால் அதன் வால் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. இடம்பெயர்ந்து இருந்த கிடுகுக் கொட்டிலில் அம்மாவுக்கு நன்றாக விளங்கியதாகச் சொல்வார். அப்போது வயது குறைவு என்று நினைத்திருந்தேன். வயது ஒரு காரணம். கிடுகும் மண்சுவரும் ஒலியை உறிஞ்சும் என்பது மற்றக் காரணம். இப்போது அவர் இருக்கும் பக்கத்தில் தடித்த திரைச்சீலை, தரையில் பாய், சுவரோரம் மடித்த மெத்தை. சமையலறைத் தகரக் கூரையில் மாரி மழை அடிக்கும்போது எந்தக் கருவியும் உதவாது. அந்த நேரத்தில் முக்கியமான எதையும் பேசுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத்தான் பேச்சு தொடங்கவேண்டும்.

பேசும் முறைக்கு ஆதாரம் இன்னும் உறுதியானது. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஆட்கள் சாதாரணமாகவும் கேட்டல் குறைந்தவருக்குச் சொல்வதுபோல் தெளிவாகவும் பேசினார்கள். தெளிவாகப் பேசியபோது கேட்டல் குறைந்தவர்கள் விளங்கிக்கொண்ட அளவு சராசரியாக 17 வீதப் புள்ளிகள் கூடியது. கத்துவது தெளிவல்ல. கத்தினால் உயிரொலி பெருக்கிறது, மெய்யொலி அப்படியே கிடக்கிறது, முகமும் கோபமாகிறது. முகத்தைக் காட்டி, வெளிச்சம் எங்கள் முகத்தில் விழ, வாக்கியத்தைச் சிறிதாக்கி, முடிவுச் சொல்லை விழுங்காமல் பேசவேண்டும். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று ஒரு சொல் வைக்கவேண்டும்: "அம்மா, கிளினிக்." சிறிது பொறுத்து, "நாளைக்கு இல்லை. திங்கட்கிழமைதான்." விளங்காவிட்டால் அதே சொற்களைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லவேண்டும். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்பதை எங்கள் வீட்டில் தடைசெய்துவிட்டோம். என் மகன்தான் அதில் கண்டிப்பு. அவன் அம்மம்மாவோடு பேசும்போது முழங்காலில் இருந்து முகத்துக்கு நேரே வருவான்.

எல்லாவற்றையும் எடைபோட்டபின் எங்கள் வரிசை இப்படி வந்தது. காசில்லாத வேலைகளை அன்றே தொடங்கினோம். இரண்டு கருவிக்குப் பணம் தேறவில்லை. விலை கூடிய இரண்டைக் கடனுக்கு வாங்குவதா, நடுத்தரக் கருவி ஒன்றும் தனி ஒலிவாங்கி ஒன்றும் வாங்குவதா என்று வந்தபோது இரண்டாவதைத் தேர்ந்தேன். அம்மா சிரமப்படுவது கிளினிக்கிலும் வங்கியிலும், ஒருவர் முன்னால் இருந்து பேசும் இடங்களில். அங்கே ஒலிவாங்கி இரண்டாவது கருவியைவிடக் கூடுதலாகச் சுமையை இறக்கும். கோயிலும் கலியாணமும் நாலு பேர் கதையுமே முக்கியமான ஒருவருக்கு நான் இரண்டு கருவியைத்தான் சொல்லியிருப்பேன். ஒலிவாங்கியைத் தம்பி அனுப்பினான், இங்கே வாங்கிய கருவியோடு பொருந்தும் என்று உறுதிசெய்தபிறகு.

முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள் மட்டும், காலையில் இரண்டு மணிநேரம். அடுத்து முற்றம், பிறகு பக்கத்து வீடு. இத்தனை வருடம் கேட்காத ஒலிகள் திரும்ப வரும்போது மூளைக்குப் பழக்கம் வர வாரங்கள் ஆகும். முதல் நாளே சந்தைக்குக் கூட்டிப்போயிருந்தால் இதுவும் அலுமாரிக்குள் போயிருக்கும். மூன்றாம் நாள் அவர் சொன்ன முதற்குறை, கிணற்றுக் கப்பி கத்துகிறது, எண்ணெய் போடு என்பது. அது ஒரு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தது.

இப்போது கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் தடித்த பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "கேட்டல் குறைவு. முகக்கவசத்தைக் கொஞ்சம் விலக்கி, முகம் பார்த்துப் பேசுங்கள். அடுத்த திகதியை எழுதிக் கொடுங்கள்." சென்ற மாதம் தாதி அதை வாசித்துவிட்டு மேசையைச் சுற்றி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பேசினார். ஒலிவாங்கியை நான் பையிலிருந்து எடுக்கவேண்டியே வரவில்லை.